ஸ்டென்ட் வைத்தாயிற்று... அப்புறம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகிற சாலையில் ஒரகடம் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் கம்பெனி போர்டுகள்தான். கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள்... இராமானுஜர் அவதரித்த ஊர் என்று மட்டும் தெரிந்திருந்த இடம், 1990களின் கடைசியில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்த பிறகு ஷிஃப்ட் பஸ்களின் ஊராகிவிட்டது. இந்தப் பட்டியலில் சேர வேண்டிய புது ஐட்டம் மருத்துவக் கருவிகள். 2021ல் மத்திய அரசு நான்கு மாநிலங்களில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்க ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்குக்கு சிப்காட் காட்டிய இடம் இதே ஒரகடம். சுமார் 350 ஏக்கர்.

பூங்கா வரட்டும், வேலை வரட்டும், நல்லதுதான். ஆனால் மருத்துவக் கருவி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் விலையில் போய் நின்றுவிடுகிறார்கள். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தபோது எவ்வளவு பெரிய செய்தி! லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து தடவிய ஸ்டென்ட் 30 ஆயிரத்துக்குள் வந்தது. கைதட்ட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை. அந்த உச்சவரம்பு இதயத்துக்குப் போகும் ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். மூளைக்குப் போகும் ஸ்டென்ட் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதன் விலை ஒரு பிரச்சினை. அதை வைத்த பிறகு வரும் ஐந்து வருடம் அதைவிடப் பெரிய பிரச்சினை. இந்தக் கட்டுரை அந்த ஐந்து வருடத்தைப் பற்றியது.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடலாம்.

சைக்கிள் டியூப்பில் ஒரு இடம் மட்டும் மெலிந்து பலூன் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளிலும் அப்படிப் புடைப்பு வரும். பெரும்பாலும் குழாய் இரண்டாகப் பிரியும் முனையில்தான் வரும், ஏனென்றால் ரத்தம் வந்து மோதுகிற இடம் அது. இதற்கு அன்யூரிசம் என்று பெயர். பெரியவர்களை எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு மூன்று பேர் தலையில் இது இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பயப்பட வேண்டாம், அதில் பெரும்பாலானவை கடைசிவரை சும்மாவே இருந்துவிட்டுப் போகும். வெடித்தால்தான் ஆபத்து. வாழ்க்கையில் இதுவரை வராத தலைவலி, ஒரு நொடியில், இடி விழுந்த மாதிரி வரும். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி வேலைக்குத் திரும்ப முடிவதில்லை. ரத்த அழுத்தமும் சிகரெட்டும் இதற்கு நல்ல நண்பர்கள்! ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, அதிகம் வருகிறது. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.)

இதற்கு முதலில் இருந்த வழி ஒன்றே ஒன்று. மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு கிளிப் போடுவது. 1937ல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் செய்து காட்டியது. பிறகு 1990ல் இத்தாலியரான குக்லியெல்மி, தொடையிலிருந்து மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய், தலைமுடி போன்ற பிளாட்டினம் கம்பியைப் புடைப்புக்குள் சுருட்டிச் சுருட்டி அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இதுதான் காயில். மண்டையைத் திறக்க வேண்டாம், தையல் இல்லை, தழும்பு இல்லை.

எது நல்லது என்ற சண்டைக்கு 2002ல் ஐசாட் என்ற பெரிய ஆய்வு ஒரு பதில் சொன்னது. வெடித்த அன்யூரிசம் உள்ள 2,143 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறர் உதவி இல்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்ந்து காயில் பக்கம் 23.7 சதவீதம், கிளிப் பக்கம் 30.6 சதவீதம். காயில் ஜெயித்துவிட்டது. உலகமே காயிலுக்கு மாறியது.

ஆனால் அதே ஐசாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மறுபடியும் சிகிச்சை செய்ய வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர்? காயில் பக்கம் 17.4 சதவீதம், கிளிப் பக்கம் 3.8 சதவீதம். காரணம் எளிது. ரத்தம் ஒரு நிமிடத்துக்கு 70, 80 முறை அந்தக் கம்பிச் சுருளை இடித்துக்கொண்டே இருக்கிறது. நாளாக நாளாகச் சுருள் உள்ளே நசுங்கி ஒதுங்குகிறது, கழுத்துப் பக்கம் இடம் பிறக்கிறது, ரத்தம் மறுபடி உள்ளே நுழைகிறது. மாண்ட்ரியல் மருத்துவர்கள் 2003ல் வெளியிட்ட கணக்குப்படி, காயில் வைத்து, பின்னால் படம் எடுத்துப் பார்க்கப்பட்ட அன்யூரிசங்களில் மூன்றில் ஒன்று (33.6 சதவீதம்) ஏதோ ஒரு அளவுக்குத் திரும்பி வந்திருந்தது. பெரிய அளவில் திரும்பியது 20.7 சதவீதம். இதில் இன்னொரு முக்கியமான விஷயம், ஆறாவது மாதத்தில் எடுத்த படத்தில் தெரிந்தது அந்தத் திரும்பல்களில் பாதிகூட இல்லை. மூன்றாவது வருடத்துக்குள்தான் ஏறக்குறைய எல்லாமே வெளியே தெரிந்தன.

அதாவது ஆறு மாதம் கழித்து ஒரு ஆஞ்சியோ எடுத்து "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னால், பாதிக் கதைதான் முடிந்திருக்கிறது.

இங்கேதான் ஸ்டென்ட் வருகிறது. கழுத்து அகலமான புடைப்பில் காயில் நிற்காது, வழுக்கிக்கொண்டு தமனிக்குள் வந்துவிடும். அதனால் தமனிக்குள் ஒரு வலைக்குழாயை வைத்து அதை வேலி மாதிரி பயன்படுத்தி, பின்னால் காயிலை அடைக்கிறார்கள். 2002ல் அமெரிக்காவில் இதற்கென்றே செய்த முதல் ஸ்டென்ட்டுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த தலைமுறை, ஃப்ளோ டைவர்ட்டர். இதில் காயிலே வேண்டாம் என்கிறார்கள். மிக நெருக்கமாகப் பின்னிய வலை. ரத்தம் நேராகப் போய்விடும், புடைப்புக்குள் போவது குறையும், உள்ளே தேங்கிய ரத்தம் உறைந்து, வலையின் மேல் மெல்லிய தோல் வளர்ந்து வாசல் மூடிக்கொள்ளும். பைப்லைன் என்ற பெயரில் 2011ல் அமெரிக்க அனுமதி பெற்றது இந்த வகை. யோசனை அபாரம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு வாய்க்காலில் மடை போட்டுத் தண்ணீரைத் திருப்புகிற அதே வேலை, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில்!

சரி, ஸ்டென்ட் வைத்தால் திரும்பி வருவது குறைகிறதா? குறைகிறது. 2010ல் பாரிஸிலிருந்து வந்த ஆய்வில் 1,137 நோயாளிகள். ஸ்டென்ட் இல்லாமல் காயில் மட்டும் வைத்ததில் 33.5 சதவீதம் திரும்பியது. ஸ்டென்ட்டோடு வைத்ததில் 14.9 சதவீதம்தான். பாதிக்கும் கீழே. ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். சிகிச்சையால் நிரந்தர நரம்புப் பாதிப்பு ஸ்டென்ட் பக்கம் 7.4 சதவீதம், ஸ்டென்ட் இல்லாத பக்கம் 3.8. சிகிச்சை சார்ந்த மரணம் 4.6க்கு 1.2. கஷ்டமான கேஸ்களுக்குத்தான் ஸ்டென்ட் வைத்திருப்பார்கள், அதனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயமில்லை என்பது உண்மைதான். கருவிகளும் அதற்குப் பிறகு எவ்வளவோ மெருகேறியிருக்கின்றன. இருந்தாலும் ஸ்டென்ட் என்பது இலவச இணைப்பு இல்லை. திரும்பி வரும் அபாயத்தைக் குறைத்துக்கொண்டு, வேறொரு அபாயத்தை வாங்கிக்கொள்கிறோம்.

அந்த வேறொரு அபாயம், ரத்தக்கட்டி. தமனிக்குள் உலோகம் கிடந்தால் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். அப்படி உறைந்தால் பக்கவாதம். அதனால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து பல மாதங்கள், மருத்துவர் சொல்லும் வரை, ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பிறகும் ஆஸ்பிரின் மட்டும் நீண்ட காலம் தொடரும். குளோபிடோக்ரல் சிலர் உடம்பில் சரியாக வேலை செய்யாது. தெற்காசியர்களில் இப்படிப்பட்ட மரபணு உள்ளவர்கள் கணிசம். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையை மாற்றுவதும் உண்டு. நடுவில் பல் பிடுங்கப் போன இடத்தில் "ரத்தம் நிற்காது, மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்பார்கள். நிறுத்துவதற்கு முன்னால் ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்க வேண்டும். கேட்பவர்கள் எத்தனை பேர்?

இப்போது இந்த விஷயத்தின் நடுப்பகுதிக்கு வரலாம். ஃப்ளோ டைவர்ட்டருக்கு அமெரிக்க அனுமதி வாங்கித் தந்த ஆய்வின் பெயர் பஃப்ஸ். பெரிய, அகலக் கழுத்து அன்யூரிசங்கள், 108 நோயாளிகள். அதன் முடிவுகளை விளம்பரங்களில் இப்படிச் சொல்வார்கள். ஆறாவது மாதத்தில் முழுமையாக மூடியது 73.6 சதவீதம். ஒரு வருடத்தில் 86.8. மூன்று வருடத்தில் 93.4. ஐந்து வருடத்தில் 95.2. ஏறிக்கொண்டே போகிறது! காயில் நாளாக நாளாகத் தளரும், இது நாளாக நாளாக இறுகும். சிகிச்சையின் அடிப்படைக் குணமே மாறிவிட்டது என்பது உண்மை. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆறாவது மாதத்தில் 106ல் 78. ஒரு வருடத்தில் 91ல் 79. மூன்று வருடத்தில் 76ல் 71. ஐந்து வருடத்தில் 63ல் 60. கீழே இருக்கிற எண்ணைக் கவனித்தீர்களா? 106, 91, 76, 63. படம் எடுத்துப் பார்க்கப்பட்டவையே அவ்வளவுதான். ஐந்தாவது வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கணக்கிலேயே இல்லை. இத்தனைக்கும் அது அனுமதி வாங்குவதற்காகக் கம்பெனி செலவில் நடந்த ஆய்வு. தொடர்ந்து கூப்பிட ஆள் உண்டு, நோயாளி வந்து போவதற்கு ஏற்பாடு உண்டு. அங்கேயே இப்படி.

முடிவில் சொல்லும் 95 என்பது பொய் இல்லை. ஆனால் அது திரும்பி வந்து படம் எடுத்துக்கொண்டவர்களின் 95. வராதவர்கள் நன்றாக இருப்பதால் வராமல் இருக்கலாம். வர முடியாத நிலையில் இருப்பதாலும் வராமல் இருக்கலாம். தேர்வு எழுத வந்தவர்களை மட்டும் வைத்துப் பள்ளிக்கூடம் ‘தேர்ச்சி விகிதம்’ போடுகிற கதை நமக்குப் புதிதா என்ன?

இனி ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பலாம். இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். அவர்கள் தலையில் அன்யூரிசம் வெடிப்பது அபூர்வம். அப்படியானால் இந்த ஊருக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் அவர்களுடைய அம்மாக்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு சிப்காட் கட்டிய விடுதிகள் திறக்கப்பட்டன. அங்கே தங்கும் பெண்ணின் சம்பளத்திலிருந்து ஈஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. அந்த அட்டையில் அவள் மட்டும் இல்லை. அவளை நம்பியிருக்கும் அப்பா அம்மாவும் சேரலாம் (அவர்கள் வருமானம் மாதம் 9,000க்குள் இருந்தால்). ஆக, விழுப்புரம் பக்கமோ திருவண்ணாமலை பக்கமோ கிராமத்தில் இருக்கும் 50 வயது அம்மாவின் மருத்துவம், ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் மகளின் சம்பளச் சீட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அன்யூரிசம் அதிகம் வரும் வயது எது, யாருக்கு அதிகம் என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மாவுக்கு வெடிக்கிறது. 108 வருகிறது, சென்னைக்குக் கொண்டு போகிறார்கள், மகளின் ஈஎஸ்ஐ அட்டையில் சிகிச்சை நடக்கிறது, ஸ்டென்ட்டும் காயிலும் வைக்கிறார்கள். பிழைத்து வீட்டுக்கு வருகிறார். இதுவரை எல்லாம் நல்லபடி. நம் நாட்டில் ஒரு ஏழைத் தாய்க்கு இது நடக்கிறது என்பதே பெரிய சாதனை, அதை மறுப்பதற்கில்லை. ஃபைலில் "ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ" என்று எழுதியிருக்கும்.

ஆறு மாதத்தில் என்னென்ன நடக்கலாம்? மகளின் காண்ட்ராக்ட் முடியலாம். கல்யாணம் ஆகி வேறு ஊர் போகலாம். வேலையை விட்டதும் அன்றைக்கே ஈஎஸ்ஐ செத்துப்போவதில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்தக் கணக்கு காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போதும். மூளை ஸ்டென்ட்டுக்கு? திரும்பி வருவது முழுதாகத் தெரியவே மூன்று வருடம் ஆகும் என்று மேலே பார்த்தோம். மூன்று வருடம் ஒரே கம்பெனியில் ஒரே காண்ட்ராக்டில் இருக்கும் பிள்ளைகள் அந்தச் சாலையில் எத்தனை பேர்?

இன்னொரு வேடிக்கை, வேலை போகாமல் சம்பளம் ஏறினாலும் இதே கதிதான். 2017 ஜனவரியில் ஈஎஸ்ஐ சம்பள வரம்பு 21,000 ஆக்கப்பட்டது. அதைத் தாண்டினால் அந்தச் சந்தா காலம் முடிந்ததும் வெளியே. ‘இன்கிரிமென்ட்’ வந்ததற்கு இனிப்பு கொடுக்கிற அன்று அம்மாவின் ஆஞ்சியோ கைவிட்டுப் போகிறது.

சரி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012ல் விரிவான திட்டமாக மாறியது. எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு வருமான வரம்பு ஆரம்பத்தில் ஆண்டுக்கு 72,000, பிறகு உயர்த்தி 1,20,000. மாதத்துக்குப் பத்தாயிரம் என்று வருகிறது. ஈஎஸ்ஐயின் வரம்போ மாதம் 21,000. மகள் 15,000 வாங்குகிறாள் என்றால் ஆண்டுக்கு 1,80,000. காப்பீட்டுக்கு அதிகம். அந்த வேலை போன பிறகு புதிதாக வருமானச் சான்று வாங்கி, விஏஓ, தாலுக்கா ஆபீஸ் என்று அலைந்து அட்டை வாங்குவதற்குள், படம் எடுக்க வேண்டிய மாதம் போய்விடும். இரண்டு திட்டமும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லவைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடத்தில்தான் பள்ளம்.

அம்மாவும் போகமாட்டார். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். திரும்பி வரும் அன்யூரிசம் வலிக்காது. அதுதான் இதில் இருக்கும் சூழ்ச்சி. ஒரு நாள் கூலி, பஸ் செலவு, கூட வர ஒரு ஆள், மறுபடி தொடையில் ஊசி. நன்றாக இருக்கும் ஒருவர் எதற்காக இதையெல்லாம் செய்வார்?

இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி உண்டு. திரும்பி வந்தால்தான் என்ன, மறுபடி வெடித்துவிடுமா? பெரும்பாலும் வெடிக்காது. 2008ல் வந்த காரட் என்ற அமெரிக்க ஆய்வில், முழுவதும் மூடப்பட்டவற்றில் மறுபடி வெடித்தது 1.1 சதவீதம்தான். 91லிருந்து 99 சதவீதம் வரை மூடியிருந்தால் 2.9. 70லிருந்து 90 என்றால் 5.9. 70க்கும் கீழே என்றால் 17.6. ஆக, எல்லோரையும் பயமுறுத்தி வருடா வருடம் ஆஞ்சியோ எடுக்க வைப்பது தேவையில்லாத வேலை, காசுக்கும் கேடு, கதிர்வீச்சு வேறு. ஆனால் 1.1லும் 17.6லும் யார் இருக்கிறார் என்பதைப் படம் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? முகத்தைப் பார்த்து ஜோசியமா சொல்ல முடியும்?

இந்தச் சாலையில் இருக்கிற எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் மெஷின் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். கடைசியாக எப்போது பராமரிப்பு நடந்தது, அடுத்தது எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று அதில் இருக்கும். மெஷின் நன்றாக ஓடுகிறதே, எதற்கு நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எந்த சூப்பர்வைசரும் கேட்பதில்லை. ஆபரேட்டர் மாறினாலும், காண்ட்ராக்ட் கம்பெனியே மாறினாலும், அந்த அட்டை மெஷினோடுதான் இருக்கும். ஆபரேட்டரோடு கிளம்பிப் போகாது.

செய்ய வேண்டியதும் அதுதான். ஸ்டென்ட்டுக்கான தொடர் பரிசோதனை வேலையோடு ஒட்டியிருக்கக் கூடாது, ஸ்டென்ட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். எந்தத் திட்டத்தின் பணத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டதோ, அதே திட்டம் அடுத்த ஐந்து வருடப் படங்களுக்கும் முதல் வருட மாத்திரைக்கும் பொறுப்பு என்று ஒரு விதி போதும். மகள் வேலையை விட்டாலும், சம்பளம் ஏறினாலும், அம்மா ரேஷன் கார்டை மாற்றினாலும் அது நிற்க வேண்டும். இது ஒன்றும் புரட்சி இல்லை. முதலமைச்சர் திட்டத்தில் 2012லேயே தொடர் சிகிச்சைத் தொகுப்புகள் என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. ஈஎஸ்ஐயிலும் நாள்பட்ட சில நோய்களுக்கு நீட்டித்த பயன்கள் தரும் வழக்கம் உண்டு. இருக்கிற கதவை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவு? லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டு, சில ஆயிரங்களில் முடியும் படத்துக்குக் கணக்குப் பார்ப்பது எந்த ஊர் சிக்கனம்? குளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021லிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுத்த மாநிலம் இது. 2024ல் அதையே தொழிற்சாலைக்குள்ளும் கொண்டு போனார்கள். அந்தப் பையில் இன்னும் இரண்டு பட்டை மாத்திரைக்கு இடமில்லையா?

மருத்துவமனைகள் பக்கமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. "நாங்கள் இத்தனை மூளை ஸ்டென்ட் வைத்திருக்கிறோம், வெற்றி விகிதம் இவ்வளவு" என்று பேனர் வைக்கிறார்களே, அந்த விகிதத்துக்குக் கீழே இருக்கிற எண்ணையும் போடட்டும். வைத்தது எத்தனை பேருக்கு, ஒரு வருடம் கழித்துப் படம் எடுத்தது எத்தனை பேருக்கு, மூன்று வருடம் கழித்து எத்தனை. பஃப்ஸ் ஆய்வு அந்த எண்ணை மறைக்கவில்லை. அதனால்தான் இங்கே 63 என்று எழுத முடிகிறது.

ஒரகடம் பூங்காவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகம் உருவாக்கிய நிட்டினால் உலோகத்தைக் கொண்டு ஒரு உள்நாட்டு ஃப்ளோ டைவர்ட்டரை வடிவமைத்தது. 2020ல் அந்தத் தொழில்நுட்பத்தைப் புனே கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அப்போது அறிவித்த தகவலின்படி இறக்குமதி செய்யும் கருவியின் விலை 7லிருந்து 8 லட்சம். (இதய வால்வையே 1990ல் உள்நாட்டில் செய்து காட்டிய நிறுவனம் அது, சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இல்லை.) இப்படிப்பட்ட கருவிகள் நாளைக்கு ஒரகடத்திலும் தயாராகலாம். விலை பாதியாகலாம். அன்று, நம் ஆட்களுக்கு, நம் ரத்த அழுத்தத்தோடு, நம் மரபணுவோடு இது ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், காட்டுவதற்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஃபேக்டரியில் தயாராகாது. விழுப்புரத்திலிருந்து அந்த அம்மா பஸ் ஏறி வந்தால்தான் தயாராகும்.

சட்டம், விதி எல்லாம் வரும்போது வரட்டும். வீட்டில் யாருக்காவது மூளையில் ஸ்டென்ட் வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் ஃபைலை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட்டின் பெயர், அளவு, வைத்த தேதி எழுதிய ஒரு சின்ன அட்டை உள்ளே இருக்க வேண்டும். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கப் போனால் "தலையில் உலோகமா, எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பாமல் இருக்க அந்த அட்டைதான் உதவும். பெரும்பாலான மூளை ஸ்டென்ட்டுகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம், எந்த வகை என்று எடுப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஸ்டென்ட்டின் நிழல் விழுவதால் அந்த இடம் எம்ஆர்ஐ படத்தில் சரியாகத் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஆஞ்சியோவே வேண்டும் என்கிறார்கள், காசு பிடுங்க இல்லை. எந்த மாத்திரை எந்த மாதம் வரை என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, அடுத்த படம் எப்போது என்ற வரி. அங்கே "ஆறு மாதம் கழித்து" என்று மட்டும் இருந்தால், காலண்டரை எடுத்து எண்ணி, தேதியைப் பேனாவால் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மகளின் ஈஎஸ்ஐ பயன் காலம் எந்த மாதம் முடிகிறது என்பதையும் அதற்குக் கீழேயே.